அறுபதைத் தின்னாத முதலை

குப்பம், பழவேற்காடு
8.7.2024

அன்பு மகள் செவ்வந்திக்கு, உன் நைனா தாமோதரன் எழுதுவது.

எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. படகில் ஏறும்போது மட்டும் என் முழங்கால் முனகுகிறது. உன் தொண்டை வலி எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். சனிக்கிழமை தொடங்கினேன், இன்று திங்கள். மீன் ஏலக் கொட்டகையில் மத்தியானம் நடக்கும் முதியோர் வகுப்புக்கு மூன்று மாதமாகப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பழவேற்காட்டிலிருந்து அஸ்லம் என்ற காலேஜ் பையன் வந்து சொல்லித் தருகிறான். அறுபத்தாறு வயது ஆளைப் பார்த்து ‘வெரி குட்’ என்கிறான். முதல் நாள் வெட்கமாக இருந்தது. பிறகு அதைக் கேட்பதற்காகவே போனேன்.

உன் பெயரில் ஒரு வ-வுக்குப் புள்ளி உண்டு, பக்கத்து வ-வுக்கு இல்லை. இருபத்தெட்டு வருஷமாக உன்னைக் கூப்பிடுகிறேன், இது தெரியாது.

உன் அம்மா திட்டுகிறாள். “போன் பண்ணா ஒரு நிமிசத்துல முடியிற பேச்சுக்கு மூணு நாளா குந்திக்கினு கீறியே, உனுக்கு வேற வேல இல்ல?” போனில் நீ ‘சாப்டியா நைனா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். கடிதம் என்றால் ஒரு பக்கமாவது எழுத வேண்டும். இந்த வருஷம் எந்த வகுப்பு, என்ன சொல்லித் தருகிறாய், எல்லாவற்றையும் எழுது. எழுத்தைக் குண்டாக எழுது.

இப்படிக்கு,
பெருவிரல் வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் நைனா,
தாமோதரன்


ஆரம்பாக்கம்
21.7.2024

அன்புள்ள நைனாவுக்கு, செவ்வந்தி எழுதுவது.

தொண்டை தேவலை. சாயங்காலம் ஆனால் குரல் போய்விடுகிறது, அவ்வளவுதான். முழங்காலுக்குத் தைலம் தடவச் சொல்லுங்கள் அம்மாவை.

உங்கள் கடிதத்தை என் அறையில் தங்கியிருக்கும் டீச்சரிடம் காட்டினேன். நீங்களே எழுதியது என்றால் நம்பவில்லை. நான் இரண்டு முறை படித்தேன்.

இந்த வருஷம் எனக்கு இரண்டாம் வகுப்பு. பத்தொன்பது பிள்ளைகள். பெரிய எண், சிறிய எண் நடத்துகிறேன். அதற்கு ஒரு குறி உண்டு, முதலை வாயைத் திறந்த மாதிரி இருக்கும். எந்த எண் பெரியதோ அந்தப் பக்கம் முதலை வாயைத் திறக்கும். மூன்று வாரமாக இதே பாடம். புளியங்கொட்டையைக் குவித்து வைத்தால் எல்லோரும் சரியாகக் காட்டுகிறார்கள். எட்டு, ஒன்பது என்று பலகையில் எழுதினாலும் சரி. முப்பது, அறுபது என்று எழுதிவிட்டால் ஏழு பேர் தலைகீழாகப் போடுகிறார்கள். தெரியாமல் போடுகிறவர்கள் ஒருமுறை தப்பினால் மறுமுறை சரியாகப் போடுவார்கள். இவர்கள் ஒருமுறைகூடச் சரியாகப் போடுவதில்லை.

மலீஹா என்று ஒருத்தி. தமிழ்ப் புத்தகத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளையைவிட நன்றாகப் படிப்பாள். அவளிடம் கேட்டேன்.

“முப்பதா, அறுபதா, எதும்மா பெருசு?”

“முப்பது.”

“நல்லா யோசிச்சு சொல்லு.”

“முப்பதுதான் டீச்சர். இதுகூடத் தெரியாதா உனுக்கு?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நைனா.

அம்மாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
செவ்வந்தி


குப்பம், பழவேற்காடு
10.8.2024

அன்பு மகள் செவ்வந்திக்கு, நைனா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் குரல் திரும்பியதா?

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி உன் அம்மாவுக்குப் படித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. சோறு ஆறிவிட்டது என்று திட்டினாள், ஆனால் எழுந்து போகவில்லை. சில இடத்தில், “அங்க இன்னொரு தபா படி” என்றாள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் நெற்றியில் பொன்னேரி என்று எழுதியிருந்தது. கண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே பொன்னேரி என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். இனி நான் யாரையும் பஸ் கேட்க வேண்டியதில்லை.

உன் முதலை இங்கேயும் வந்துவிட்டது. அஸ்லம் பலகையில் போட்டான். பல்லும் வைத்தான். எங்கள் வகுப்பில் பதினோரு கிழங்கட்டைகளும் சிரித்தோம்.

பிள்ளைகளைத் திட்டாதே. அஸ்லம் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இரண்டாம் நாளே படகுக்கு ஓடியிருப்பேன்.

இப்படிக்கு,
பஸ் பெயர் படிக்கும் உன் நைனா,
தாமோதரன்


ஆரம்பாக்கம்
31.8.2024

அன்புள்ள நைனாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. எனக்கு உடம்புக்குக் குறைவில்லை. மனசுதான் சரியில்லை.

பதினான்காம் தேதி பள்ளியைப் பார்க்க அதிகாரி வந்தார். என் வகுப்பில் மலீஹாவை எழுப்பி அதே முப்பது, அறுபதைக் கேட்டார். முப்பது என்றாள். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அதையே சொன்னாள். தலைமையாசிரியர் ஜெகதீஸ்வரன் சார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் தற்காலிக ஆசிரியை. வருகிற மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க அவர்தான் எழுத வேண்டும்.

அவர்கள் போன பிறகு அவளிடம் ஏதோ சொன்னேன். அதை விடுங்கள்.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஜனவரியில் ஒரு மதிப்பீட்டு முகாம் நடக்கிறது. அந்தப் பட்டியலில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் நல்லதுக்குத்தான். பதினாறாம் தேதி அவள் அம்மா ஜைனம்பு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். “எம் பொண்ணுக்கு மூள இல்லன்னு எழுதிக் குட்தியா? ஓதுற புள்ள அது. நீ வச்சுக்கோ உன் இஸ்கூல” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பதினைந்து நாளாக மலீஹா வரவில்லை. நான் எழுதியதால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது. அவளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

செவ்வந்தி


குப்பம், பழவேற்காடு
16.9.2024

அன்பு மகள் செவ்வந்திக்கு, நைனா எழுதுவது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அஸ்லமுக்குப் பரீட்சை, அக்டோபர் கடைசி வரை வரமாட்டான். போகும்போது பத்து முதலைக் கணக்கு எழுதித் தந்தான். எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். இங்கே திருத்த ஆள் இல்லை. பெற்ற பெண்ணே டீச்சராக இருக்கும்போது எனக்கு என்ன கவலை? தாளை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் திருத்து.

எட்டும் ஒன்பதும் வந்தது, ஒன்பதின் பக்கம் வாயைத் திறந்தேன். முப்பதும் அறுபதும் வந்தபோது யோசிக்கவே இல்லை, முப்பதின் பக்கம் திறந்துவிட்டேன். இருபதும் ஐம்பதும் அப்படியே. உன் அம்மாவும் பார்த்துவிட்டு, “சரியாத்தான் போட்டுகிற” என்றாள். பத்துக்குப் பத்து வந்தால் ‘வெரி குட்’ என்று எழுது. அதைக் காதில்தான் கேட்டிருக்கிறேன், எழுத்தில் பார்த்ததில்லை. அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டுவேன்.

அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று நீ எழுதவில்லை.

இப்படிக்கு,
பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் உன் நைனா,
தாமோதரன்


ஆரம்பாக்கம்
26.9.2024

நைனாவுக்கு,

தாளைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். பத்துக்கு மூன்று. ஏழு தவறு.

இங்கே ஏழு வயதுப் பிள்ளைகளிடம் கத்திக் கத்தி என் தொண்டை கிழிகிறது. வீட்டிலிருந்தும் அதே தப்பா? ஐம்பது வருஷமாக மீன் விற்கிற உங்களுக்கு முப்பதுக்கும் அறுபதுக்கும் வித்தியாசம் தெரியாதா? உங்களுக்கு வலைதான் லாயக்கு. இந்த வயதில் எழுத்தும் கணக்கும் எதற்கு? இனி எனக்குக் கணக்கு அனுப்பாதீர்கள்.

மலீஹா இன்னும் வரவில்லை.

செவ்வந்தி


ஆரம்பாக்கம்
23.10.2024

என் அன்பு நைனாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே மழை. ஏரியில் காற்று எப்படி? ஜாக்கிரதையாகப் போய் வாருங்கள்.

நான்கு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் அம்மாதான் எடுக்கிறாள். “நைனா வல கட்றாரு” என்கிறாள். ஐந்து முறை கூப்பிட்டேன், ஐந்து முறையும் வலை கட்டுகிறீர்கள். கடைசியாக அம்மா மெதுவாகச் சொன்னாள். “நோட்ட எடுத்து பரண் மேல போட்டுட்டாரு, செவ்வந்தி. இன்னாதான் எழுதின அவருக்கு?”

அன்று மலீஹாவிடம் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். மறைத்தேன். ‘உனக்கெல்லாம் இறால் உரிக்கத்தான் லாயக்கு’ என்றேன். எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். அவள் அழவில்லை, பலப்பத்தைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உங்களுக்கு எழுதிய வரியில் இறாலுக்குப் பதில் வலையைப் போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் பதில் எழுதாமல் இருந்த இந்த நாட்களில்தான் அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிகிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்,
செவ்வந்தி


குப்பம், பழவேற்காடு
6.11.2024

அன்பு மகள் செவ்வந்திக்கு, நைனா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவும் சுகம். நீ மழையில் நனையாதே.

நான் கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. முதல் வாரம் கோபம்தான். பிறகு என் தப்பு எது என்றே தெரியவில்லை. தப்பு தெரியாதவன் என்ன எழுதுவது? தாளை உன் அம்மாவிடம் காட்டினேன். “இதுல இன்னா தப்பு? உம் பொண்ணுக்குதான் இன்னாவோ ஆயிட்ச்சி” என்றாள்.

அஸ்லம் போன வாரம் வந்தான். வீட்டுக்கே தேடி வந்து தாளை வாங்கிப் பார்த்தான். “ஏன் தாத்தா முப்பது பெருசுன்னு போட்டீங்க?” என்று கேட்டான். திட்டவில்லை, கேட்டான். நான் சொன்னேன். ஏலத்தில் இறாலை எப்படிப் பிரிக்கிறார்கள்? ஒரு கிலோவுக்கு முப்பது இறால் நின்றால் முப்பது கவுண்ட், உள்ளங்கை நீளம் இருக்கும். அறுபது நின்றால் அறுபது கவுண்ட், விரல் அளவுதான். எது பெரிசு? எனக்கு ஒரு எழுத்தும் தெரியாத காலத்திலேயே தட்டின் மேல் சாக்பீசால் எழுதின முப்பது, நாற்பது, அறுபது மட்டும் கண்ணுக்குத் தெரியும். நான் வாழ்க்கையில் முதலில் படித்த எழுத்து அதுதான்.

“ரூபாய் என்று போட்டிருந்தால் அறுபதுதான் பெரிசு என்று எனக்கும் தெரியும், தம்பி. நீ ரூபாய் என்று எழுதவில்லை. முதலை ரூபாயையா தின்னும்? இறால் போட்டால் முப்பதைத்தான் தின்னும்” என்றேன்.

அஸ்லம் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தான். பிறகு, அறுபதில் இறால் சின்னது, ஆனால் எண்ணிக்கை அதிகம், கணக்கில் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும் என்றான். ஒரே மூச்சில் புரிந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். நோட்டை இறக்கிவிட்டேன்.

அந்த ஏழு பிள்ளைகளின் அம்மாக்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று விசாரி.

இப்படிக்கு,
மறுபடி நோட்டைத் திறந்த உன் நைனா,
தாமோதரன்


ஆரம்பாக்கம்
25.11.2024

என் அன்பு நைனாவுக்கு,

அம்மாவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன்.

விசாரித்தேன். ஏழு பேரில் ஆறு பேரின் அம்மாக்கள் நெடுஞ்சாலை ஓரத்து இறால் கொட்டகையில் இறாலுக்குத் தலை கிள்ளுகிறார்கள். பள்ளி விட்டால் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்களாம். ஏழாவது விஜய். அவன் மலீஹாவைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவன். ஐந்து மாதமாக நான் இதைக் கேட்கவே இல்லை. ‘ஏன்’ என்று ஒரு கேள்வி, நைனா. புளியங்கொட்டை வாங்கினேன், படம் வரைந்தேன், கத்தினேன். அதை மட்டும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன். மலீஹா இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டு இறாலைத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தாள். கையில் எடுக்கும்போதே முப்பதா அறுபதா என்று தெரிகிறது அவளுக்கு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஜைனம்பு வாசலிலேயே மறித்தாள். “இன்னா டீச்சர், இங்கயும் பரீச்ச வெக்க வந்துட்டியா? இறால் உரிக்கத்தான் லாயக்குன்னு நீதான சொன்ன. உரிக்குது, பாத்துட்டு போ.” மன்னிப்புக் கேட்டேன். “லிஸ்ட்ல எழுதினது கீதே, அத இன்னா பண்ணுவ?” என்று மட்டும் கேட்டாள்.

ஜெகதீஸ்வரன் சாரிடம் பெயரை நீக்கச் சொன்னேன். பட்டியல் மேலே போய்விட்டதாம். நான் தவறாக எழுதிக் கொடுத்தேன் என்று என் கைப்பட எழுதினால்தான் நீக்க முடியுமாம். “எழுதினா உங்க பைல்ல நிக்கும்மா. மார்ச்சுல ரினியூவல். யோசிச்சுக்கோங்க” என்றார்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வந்தி


குப்பம், பழவேற்காடு
7.12.2024

அன்பு மகள் செவ்வந்திக்கு, நைனா எழுதுவது. இங்கே சுகம். மழையால் பத்து நாளாகத் தொழில் இல்லை, அதனால் நிறைய எழுதிப் பழகினேன்.

நீ யோசிக்கிறாய் என்று எழுதினாய். எத்தனை நாளாக என்று எழுதவில்லை. உன் வேலை போனால் கஷ்டம்தான், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் நோட்டைப் பரண் மேல் போட்டேனே, அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. அந்தப் பிள்ளைக்கு ஏழு. அதன் பரண் ரொம்ப உயரம்.

எழுதினால் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

உன் நைனா,
தாமோதரன்


ஆரம்பாக்கம்
4.1.2025

அன்புள்ள நைனாவுக்கு,

முழங்கால் எப்படி? குளிரில் விடியற்காலையில் ஏரிக்குப் போக வேண்டாம்.

அரையாண்டு விடுமுறைக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். சார் இரண்டு முறை படித்தார். “இப்பிடியா எழுதுவாங்க?” என்றார். ஆனால் அனுப்பிவிட்டார். பெயர் நீங்கிவிட்டது. மார்ச்சைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நகலை எடுத்துக்கொண்டு ஜைனம்புவிடம் போனேன். காகிதத்தைக் கையால் தள்ளிவிட்டாள். “முன்னாடி எழுதினதும் காயிதந்தான், இதுவும் காயிதந்தான். இதுல இன்னா எழுதிகீதோ, யாரு கண்டா?” என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினாலும் நம்பமாட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன். இனி எனக்கு வழி தெரியவில்லை. நாலரை மாதம் ஆகிவிட்டது.

நீங்கள் கேட்ட நகல் இதோடு இருக்கிறது. அம்மாவுக்குப் பொங்கல் புடவை தனியாக அனுப்புகிறேன்.

உங்கள் மகள்,
செவ்வந்தி


குப்பம், பழவேற்காடு
21.1.2025

அன்பு மகள் செவ்வந்திக்கு, நைனா எழுதுவது.

நாங்கள் சுகம். புடவை அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, நிறம் மட்டும் வேறாக இருந்திருக்கலாமாம்.

உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். போன் பண்ணிச் சொல் என்றாள் அம்மா. இதை நான் எழுதத்தான் வேண்டும். சனிக்கிழமை நான் ஆரம்பாக்கம் வந்தேன். உன் அறைக்கு வரவில்லை. கோபிக்காதே, சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பொன்னேரி ஸ்டேஷனில் பலகையைப் படித்து நானே வண்டி ஏறினேன்.

கொட்டகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, வாசனையே வழி காட்டியது. ஜைனம்பு யாரென்று கேட்டேன். பழவேற்காட்டுக் குப்பத்துக்காரன் என்றதும், “எங்க அத்தா ஊரு” என்று ஒரு தட்டைக் கவிழ்த்து உட்காரச் சொன்னாள். டீச்சரின் நைனா என்றதும் எழச் சொல்வாள் போலிருந்தது. அதற்குள் நான் நகலை எடுத்துவிட்டேன். “எனக்குப் போன வருஷம் வரைக்கும் உன்ன மாதிரிதாம்மா, ஒரு எழுத்தும் தெரியாது. எனக்குப் பொய்யா படிக்கத் தெரியாது. இருக்கறதத்தான் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். கேக்குறியா?” என்றேன். அவள் கையிலிருந்த இறாலை உரித்துக்கொண்டே இருந்தாள்.

படித்தேன். ‘இரண்டாம் வகுப்பு மாணவி’ வரைக்கும் வருவதற்கே வியர்த்துவிட்டது. சுற்றி இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். ‘முகாம் பட்டியலில்’ என்ற இடத்தில் சிக்கிக்கொண்டேன். ஒரு சின்னக் கை உறையைக் கழற்றிவிட்டுக் காகிதத்தைப் பிடித்தது.

“குடு தாத்தா, நான் படிக்கிறேன். நீ ரொம்ப லேட்டு.”

செவ்வந்தி, எத்தனை வேகம் அந்தப் பிள்ளைக்கு. நானும் நாலு வருஷத்தில் அப்படிப் படிப்பேனா? அவள் படித்ததை எழுதியவள் நீ, உனக்குத் தெரியும். ஆனாலும் அவள் குரலில் நீ கேட்கவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

‘முப்பது, அறுபது ஆகிய எண்களில் எது பெரியது என்று கேட்டபோது, எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாணவி தனக்குத் தெரிந்த இறால் கணக்கின்படி பதில் சொன்னாள். அவளுக்குக் குறைபாடு எதுவும் இல்லை. குறை என் கேள்வியில் இருந்தது. வகுப்பின் முன் அவளைத் தகாத சொல்லால் பேசியதும் என் தவறே.’

‘குறைபாடு’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு முடித்துவிட்டாள்.

“இது டீச்சரே எழுதினதா?” என்றாள் ஜைனம்பு.

“கீழ கையெழுத்துகீதும்மா” என்றது பிள்ளை.

“கடசி ரெண்டு வரிய இன்னொரு தபா படி.”

படித்தாள். மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை, அவளே படித்தாள், வாய்க்குள்ளேயே.

ஜைனம்பு எழுந்து போய்த் தட்டுகளின் மேல் ஐஸை அள்ளிப் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பெண்ணிடம் கேட்டாள்.

“உன் சோத்துத் தட்டு எங்க கீது? வூட்லயா, இஸ்கூல்லயா?”

“இஸ்கூல்லதாம்மா. அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்.”

“சரி, கைய கழுவு. தாத்தாக்கு டீ வாங்கியா.”

இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் வந்திருந்தால் நல்லது. இன்னும் வரவில்லை என்றால், அந்தச் சத்துணவுத் தட்டைத் தேடி எடுத்துக் கழுவி வை.

இப்படிக்கு,
ரொம்ப லேட்டாகப் படிக்கும் உன் நைனா,
தாமோதரன்